சுவரில் எழுதிய கதவு

அந்தத் தெருவில் பகல் பதினொரு மணிக்கு முன்னால் விழித்திருக்கிற ஜீவன்கள் இரண்டே வகை. ஒன்று பூனைகள், இன்னொன்று அண்ணி. பூனைகள் நினைத்த நேரத்தில் நினைத்த பக்கம் போய்வரும். அண்ணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பதினொன்றுக்கு முதல் காட்சி. அதற்குள் காய்கறி வாங்கி, பல்வலிக்கு மாத்திரை வாங்கி, செருப்புக்கு வார் தைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும். தவறினால் இடைவேளை வரை தெருவில் நிற்க வேண்டியதுதான். உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வர நினைத்தாலும் அதே கதி.

ஏனென்றால் அவள் வீட்டுக்கென்று ஒரு வாசல் கிடையாது. வீடு இருப்பது ஒரு சின்ன சினிமா தியேட்டரின் திரைக்குப் பின்னால். இரண்டே அறை. அதற்கு ஒரே கதவு, அதுவும் திறப்பது தியேட்டருக்குள், திரையின் இடது ஓரத்தில். இடது பக்கச் சுவரை ஒட்டி இருக்கைகள். நடக்கிற வழி வலது பக்கம். ஆகவே அண்ணி தெருவுக்கு வர வேண்டுமானால் திரைக்கு முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாக வேண்டும். படம் ஓடும்போது நடந்தால் கதாநாயகியின் கன்னத்தில் அண்ணியின் கொண்டை நிழலாக விழும். 'விளக்கு அணைஞ்சா கதவு திறக்காது' என்பது அவள் கணவர் போட்ட சட்டம். அவர் இருந்தவரை இருபத்தெட்டு வருஷம், போன பிறகு ஆறு வருஷம், அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறாமல் இருந்தவள் அண்ணி.

அவள் ஒரே ஒருவருக்குத்தான் உண்மையில் அண்ணி. கணவரின் தம்பி, அதாவது அந்தத் தியேட்டரின் ஆபரேட்டர், அவளை அப்படிக் கூப்பிட்டார். அதைக் கேட்டு ஓவியர் கூப்பிட்டார், ஓவியரைக் கேட்டுக் கிட்டார்காரன் கூப்பிட்டான், கடைசியில் தெருவே கூப்பிட்டது. கணவருக்குப் பெயர் டைரக்டர். வாழ்நாளில் ஒரு படமும் எடுத்தவர் இல்லை. அடுத்த வருஷம் எடுக்கப்போகிறேன் என்று முப்பது வருஷம் சொன்னவர். அந்தத் தெருவில் அது ஒரு குறையே அல்ல. அங்கே இருந்த கவிஞர்களில் பாதிப்பேர் இன்னும் எழுதாத கவிதைக்காகப் பேர் வாங்கியவர்கள். வாடகை குறைவு, வீட்டுக்காரர்கள் மறதிக்காரர்கள், டீக்கடை விடிவதே பதினொன்றுக்கு. ஒவ்வொரு கடையின் ஷட்டரிலும் யாராவது ஒருவர் பெரிய கண்ணோ மீனோ வரைந்து வைத்திருப்பார். வேலைக்குப் போகிறவன் யாராவது அந்தத் தெருவில் குடிவந்தால் மூன்றே மாதத்தில் அவனும் வேலையை விட்டுவிடுவான் என்று டீக்கடைக்காரர் சொல்லுவார்.

தியேட்டர் அதற்கு முன்னால் ஐஸ் தொழிற்சாலையாக இருந்தது. குளிர்ச்சி வெளியே போகக் கூடாது என்பதற்காகக் கட்டிய கட்டடம். சுவர் இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மரத்தூள் அடைத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது, பின்கோடியில் கூரையில் பதித்த ஒரு கண்ணாடி மட்டும். வீட்டுக்கு வீடு குளிர்பெட்டி வந்ததும் தொழிற்சாலை படுத்துவிட்டது. பத்து வருஷம் பூட்டிக் கிடந்த இடத்தை டைரக்டரும் தம்பியும் ஓவியரும் கூட்டுச் சேர்ந்து பிடித்தார்கள், பத்திரம் மட்டும் டைரக்டர் பேரில். பெரிய தியேட்டர்கள் தொடாத படங்களை இங்கே போடுவது என்று திட்டம். உள்ளே பட்டாசு வெடித்தாலும் தெருவில் கேட்காது, தெருவில் குண்டே விழுந்தாலும் உள்ளே கேட்காது. சினிமாவுக்கென்றே கட்டிய மாதிரி இருக்கிறது என்று டைரக்டர் பூரித்துப் போனார். மனிதர் குடியிருக்கவும் கட்டியதா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. புதுப்பெண்ணாக வந்த அண்ணியும் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்குத்தான், அப்புறம் தனி வீடு பார்த்துவிடலாம் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். படமும் அடுத்த வருஷம், வீடும் அடுத்த வருஷம்.

இருக்கைகள் எண்பத்தெட்டு. திவாலான ஒரு பஸ் கம்பெனியிலிருந்து கழற்றி வந்தவை. அதனால் ஜனங்கள் தியேட்டரையே 'எண்பத்தெட்டு' என்று சொல்லுவார்கள். "எண்பத்தெட்டுல என்ன ஓடுது?" என்றால், "ஓடலை, நின்னு போச்சு, இறங்கித் தள்ளிக்கிட்டு இருக்காங்க" என்று பதில் வரும். முதல் இரண்டு வருஷம் அந்த அளவுக்குப் படம் பாதியில் அறுந்துகொண்டிருந்தது.

திரை அண்ணி தைத்தது. வெள்ளைத் துணி ஆறு அகலம் வாங்கி, தன் தையல் மெஷினில் நான்கு நாள் உட்கார்ந்து ஒட்டுப்போட்டாள். நடுத்தையல் கொஞ்சம் கோணிவிட்டது. திரையில் யார் முகம் பெரிதாக வந்தாலும் மூக்கின் மேல் ஒரு கோடு ஓடும். நல்ல திரை வாங்கும்வரை இருக்கட்டும் என்றுதான் மாட்டினார்கள். ஆனால் அந்தத் தையலைப் பற்றி ஒரு விமரிசகர் அரைப்பக்கம் எழுதித் தொலைத்தார். அதற்குப் பிறகு அதை மாற்றவே விடவில்லை. துணித்திரை என்பதால் பின்பக்கமும் படம் தெரியும், இடவலம் மாறி. முன்னறையில் அண்ணி விளக்குப் போட்டால் அந்த வெளிச்சம் முன்பக்கம் தெரியும். ஆகவே காட்சி நேரத்தில் முன்னறை இருட்டு. அண்ணி பார்த்த ஆயிரக்கணக்கான படங்களில் எல்லோரும் இடதுகைக்காரர்கள். எல்லாக் கடிதங்களும் தலைமாறி எழுதியவை. எல்லா வண்டிகளும் சாலையின் தப்பான பக்கத்தில் ஓடின. ஒரு படத்தையாவது முன்னால் உட்கார்ந்து பார்க்கக் கூடாதா என்று ஓவியர் ஒருதரம் கேட்டார். உட்கார்ந்தால் அடுப்பு யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அடுப்புக்கும் சட்டம் இருந்தது. காட்சி ஓடும்போது எதையும் வதக்கக் கூடாது. ஒருதரம் மறதியாக வெங்காயம் போட்டுவிட்டாள். திரையில் ஒரு தாய் செத்துக்கொண்டிருந்தாள். வாசனை திரையைத் தாண்டிப் போயிற்று. முன்வரிசை முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அந்தக் காட்சி மனதைப் பிழிந்துவிட்டது என்று மறுநாள் வந்து சொன்னவர்கள் பலர். டைரக்டர் மட்டும் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மெஷின் மிதிக்கக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது, தும்மலை முந்தானையில் வாங்கிக்கொள்ள வேண்டும். படத்தின் நீளம் எவ்வளவு என்று வெள்ளிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்வாள். அந்த வாரத்தின் குளியல், துணி, சமையல், தூக்கம் எல்லாம் அதைப் பொறுத்தது. மூன்றரை மணி நேரப் படம் வந்த வாரங்களை, மற்ற பெண்கள் மாமியார் வந்த வாரத்தை நினைவு வைத்திருப்பதுபோல நினைவு வைத்திருந்தாள்.

ஒருமுறை தீயணைப்பு அதிகாரி சோதனைக்கு வந்தார். பின்னால் ஆள் குடியிருந்தால் இன்னொரு வழி கட்டாயம் வைக்க வேண்டும், சந்துப் பக்கம் சுவரை உடையுங்கள் என்றார். அண்ணி அன்று ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாளே டைரக்டர் கட்டட வரைபடத்தைத் திருத்தி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பின்னறைகள் இரண்டும் சாமான் அறை, ஆள் இல்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

"சாமானோட சாமானா நானும் இருந்துக்கறேன்" என்றாள் அண்ணி. டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் படத்தில் அந்த வசனத்தை வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மகள் பிறந்த கதை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இடைவேளை முடிந்து விளக்கு அணைந்த பத்தாவது நிமிஷம் அண்ணிக்கு வலி எடுத்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஐம்பது நிமிஷம் இருந்தாள். கடைசிக் காட்சி முடிந்து விளக்கு வந்த பிறகுதான் கதவைத் திறந்தாள். "படம் முடியற வரைக்கும் ஒரு சத்தம் போடலை அவ" என்று டைரக்டர் எல்லாக் கூட்டத்திலும் சொல்லுவார். கேட்கிறவர்கள் கைதட்டுவார்கள். அந்த மகள் இப்போது வேறொரு நகரத்தில் ஒற்றை அறையில் இருக்கிறாள், சினிமாவே பார்ப்பதில்லை. போனில் பேசும்போதெல்லாம் கிளம்பி வா என்கிறாள். வரலாம்தான். அங்கே கதவு இருக்கிறது; ஆனால் அது மகளின் கதவு. சாவியை அவளிடம் கேட்டு வாங்கி, எப்போது திரும்பி வருவாய் என்று அவளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய கதவு.

இன்னொரு கதை ஒருவருக்கும் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலைக் காட்சியில், டைரக்டர் பின்னறையில் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகம் வேர்த்துக் கொட்டியது. அண்ணி ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். "இரு" என்றார் அவர். "இடைவேளை வந்துரட்டும்." போன் டிக்கெட் கவுண்டரில் இருந்தது. அவள் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. இடைவேளைக்கு இருபத்திரண்டு நிமிஷம். திரையில் ஒருவன் இடது கையால் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தான். விளக்கு வந்ததும் திறந்தாள், ஆபரேட்டர் ஓடிவந்தார், வண்டி வந்தது, வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வலி எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார். இப்பதான், இடைவேளை நேரத்துல என்றாள் அண்ணி. அந்தப் பொய்யை இதுவரை யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கதவு பற்றிய நினைப்பு ஒரு ஆசையாக இல்லாமல் பசியாக மாறியது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து இருக்கிறது. ஒரு குழாய், இரண்டு குப்பைத்தொட்டி, அதைத் தாண்டினால் மளிகைக் கடை. சுவரில் இரண்டரை அடிக்கு ஒரு ஓட்டை போட்டு ஒரு பலகையை மாட்டினால் போதும். கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினாள். இரட்டைச் சுவர்தான், ஆனால் உதிர்ந்த செங்கல், இரண்டு நாள் வேலை என்று அவர் தட்டிப் பார்த்துச் சொல்லிச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கட்டம் போட்டுவிட்டுப் போனார்.

ஆனால் சுவர் அவளுடையதல்ல. டைரக்டர் உயிலில் தியேட்டரை ரசிகர் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். மனைவி தன் ஆயுள்வரை பின்னறைகளில் இருக்கலாம். கட்டடம் இருந்தபடியே இருக்க வேண்டும். வக்கீல் படித்துக் காட்டியபோது, என்ன பெருந்தன்மை என்று ஓவியர் மூக்கைச் சிந்தினார். அவர்தான் சங்கத் தலைவர்.

அண்ணி ஓவியரிடம் போய் நின்றாள். கதவு வேண்டும் என்றாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கதவு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கால்மணி நேரம் பேசினார். அடுத்த மாதம் மறுபடி கேட்டாள். அதற்கு அடுத்த மாதமும் கேட்டாள். மூன்றாம் தடவை அவர் கண்கள் பளபளத்தன. உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்குள் ஏற்பாடு செய்துவிடுகிறேன், நாலு நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள் என்றார். அண்ணி தூசு படாமல் இருக்க அரிசி டின்னை இரண்டு துணி போட்டு மூடிவிட்டுக் கிளம்பினாள். போகும் வழியிலேயே ஒரு பூட்டு வாங்கினாள். நல்ல பூட்டு.

திரும்பி வந்தபோது சங்கத்தில் பத்துப்பேர் முன்னறையில் ஒளிந்திருந்து கைதட்டினார்கள். பின்சுவரில், கொத்தனார் கட்டம் போட்ட அதே இடத்தில், நீல நிறத்தில் ஒரு கதவு. பாதி திறந்திருந்தது. அதற்கு அப்பால் ஒரு ஒற்றையடிப் பாதை, ஒரு மரம், சாயங்கால வெளிச்சம். பித்தளைக் கைப்பிடியில் அறை விளக்கின் பிரதிபலிப்பைக்கூட ஓவியர் விடவில்லை. கிட்டே போய்த் தொட்டால்தான் சுவர் என்று தெரியும். அண்ணி கிட்டே போய்த் தொட்டாள்.

"எப்படி இருக்கு அண்ணி?" என்றார் ஓவியர்.

"தாழ்ப்பாள் எங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கவிஞர் ஒருவர் அதை அவசரமாகக் கைக்குட்டைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். நிஜக் கதவு வைப்பதென்றால் ஐஸ் காலத்துச் சுவரை இடிக்க வேண்டும், அது பாவம், இது இடிக்காமலே திறக்கிற கதவு என்று ஓவியர் விளக்கினார். நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் வரைந்திருக்கிறார், பாவம், கன்னம் ஒட்டியிருந்தது. அவரிடம் என்ன சொல்வது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சுவரில் எழுதிய கதவு காலுக்கு உதவாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எல்லோருக்கும் டீ போட்டாள். பூட்டைத் துணிப்பெட்டியின் அடியில் வைத்தாள்.

அடுத்த வருஷம் சங்கம் ஒரு புதுக் காரியத்தில் இறங்கியது. தெருவில் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு உயரமாகக் கட்டுகிறார்கள், நாளைக்கு எண்பத்தெட்டுக்கும் அந்தக் கதி வரலாம். பழைய கட்டடங்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிற அலுவலகத்தில் பதிந்துவிட்டால் யாரும் கைவைக்க முடியாது. பதிந்த பிறகு ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்று ஆபரேட்டர் சந்தோஷமாகச் சொன்னார். அண்ணி பின்சுவரை நினைத்தாள். கதவு வைப்பதானால் அதற்கு முன்னால் வைத்துவிட வேண்டும். அப்புறம் ஆயுளுக்கும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்குத் தியேட்டரிலேயே பொதுக்கூட்டம். உறுப்பினர்கள் கைதூக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து எழுதிக்கொள்வார். கூட்டத்தில் பேச வேண்டும் என்று அண்ணி கொழுந்தனிடம் சொன்னாள்.

"பேசுங்க அண்ணி. முதல்ல நீங்கதான். அப்புறம்தான் படம், அப்புறம்தான் கைதூக்கறது" என்றார் அவர். பொய் சொல்லுகிற ஆள் அல்ல. மறக்கிற ஆள்.

அண்ணி பழைய நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கம் நாலு வரி எழுதி வைத்துக்கொண்டாள். முதல் வரி கதவு வேண்டும் என்பது. மற்ற மூன்றும் அந்த இருபத்திரண்டு நிமிஷத்தைப் பற்றியவை. ஆறு வருஷமாக வாய்க்குள் கிடந்ததைச் சொன்னால் எந்தக் கல்லும் கரையும் என்று நம்பினாள். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்துவிட்டது.

அலுவலகத்து அம்மாவுக்கு வேறு ஒரு இடத்துக்கும் போக வேண்டியிருந்ததாம். அதனால் படத்தை முதலில் போட்டுவிட்டார்கள். படம் என்றால், எண்பத்தெட்டின் வரலாற்றைச் சங்கத்துக்காரர் ஒருவர் எடுத்த அரைமணிப் படம். அண்ணி இருட்டில் திரைக்குப் பின்னால் நின்றாள். ஐஸ் தொழிற்சாலை வந்தது, பஸ் இருக்கைகள் வந்தன, கோணல் தையல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு, கைதட்டல். பிறகு டைரக்டரின் முகம் வந்தது, என்றோ எடுத்த பேட்டி. வகிடு மாறி, மச்சம் மாறி, மூக்கின் மேல் அவள் போட்ட தையலோடு. "படம் முடியற வரைக்கும் ஒரு சத்தம் போடலை அவ" என்றது அந்த முகம்.

தியேட்டர் அதிர்ந்தது. அந்த இடத்தில் ஆபரேட்டர் படத்தை நிறுத்தி வைத்தார். விளக்கு போட வேண்டாம், அண்ணன் முகத்து வெளிச்சத்திலேயே கைதூக்குவோம் என்று ஓவியரின் குரல் கரகரத்தது. கைகள் உயர்கிற சரசரப்பு கேட்டது.

"எதிர்ப்பு யாருக்காவது இருக்கா?"

ஒரு சத்தமும் இல்லை. அண்ணியின் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. அந்தக் கைக்கு அந்த இரும்பின் குளிர்ச்சி ஞாபகமிருந்தது. யாரும் அந்தக் கையைப் பிடித்து இரு என்று சொல்லவில்லை. ஆனாலும் அது நகர மறுத்தது. அலுவலகத்து அம்மா பேனாவின் மூடியைத் திறக்கிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டதுபோல இருந்தது.

கதவைத் திறந்தாள்.

கூரைக் கண்ணாடி வழியாகப் பின்னறையில் விழுந்திருந்த பகல் வெளிச்சம் அவளுக்கு முன்னால் ஓடி வந்து திரையில் சாய்ந்தது. அவள் அதன் மேல் நடந்து நடுவுக்கு வந்தாள். டைரக்டரின் வாய் அவள் தோளில் விழுந்தது, ஒரு கண் அவள் கன்னத்தில். கண் கூசியது. முன்னால் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நோட்டீஸைப் படிக்க முடியவில்லை.

"எனக்கு ஒரு கதவு வேணும்" என்றாள். "அன்னிக்கு ஒரு கதவு இருந்திருந்தா—"

அவ்வளவுதான் கேட்டது. மற்றதைக் கைதட்டல் விழுங்கிவிட்டது. முதலில் ஒரு மூலையில் ஆரம்பித்து, பிறகு எண்பத்தெட்டுப் பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். சரியான நொடியில் கதவு திறந்தது, சரியான நொடியில் வெளிச்சம், செத்துப்போன கணவனின் முகத்தைச் சுமந்துகொண்டு ஒரு பெண். இதை யார் அமைத்தது என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். ஓவியர் மேலே ஏறிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இந்த ஒரு வரி போதும் அண்ணி. இதுக்கு மேல யாரும் ஒண்ணும் பேச வேண்டாம்."

"நான் பேசணும் ஓவியரே. நான் நிஜமா சொல்றேன்."

"நிஜம்தான், அதனாலதான் அழறேன்" என்றார் அவர்.

அலுவலகத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு 'எதிர்ப்பு இல்லை' என்று எழுதினார்.

அண்ணி வலது பக்க வழியில் நடந்தாள். இரண்டு பக்கமும் கைகள் நீண்டு அவளைத் தொட்டன. தெருவுக்கு வந்து நின்றபோது பின்னால் கதவு மூடிக்கொண்டது. பேசவேண்டிய பேச்சு முடிந்ததால் பெரிய படத்தைப் போட்டுவிட்டார்கள். டீக்கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இடைவேளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே அண்ணி" என்று பெஞ்சைத் துடைத்து டீயை வைத்தார். அவள் குடித்தாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இடைவேளையில் வீட்டுக்குப் போனாள்.

பதிவு உத்தரவு இரண்டு மாதத்தில் வந்தது. பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் இரட்டைச் சுவர், பஸ் இருக்கைகள், தையல் திரை ஆகியவற்றோடு, சாமான் அறையின் பின்சுவரில் உள்ள நீலக்கதவு ஓவியமும் இருந்தது. ஓவியர் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். சங்கம் துணிப்பை அடித்தது: நீல நிறத்தில் 'எனக்கு ஒரு கதவு வேணும்'. அண்ணிக்கு இரண்டு இலவசம். அவள் அதில்தான் வெங்காயம் வாங்கிவந்தாள்.

சட்டம் ஒருமுறை உடைந்துவிட்டது, இனி உடைந்த சட்டம்தானே என்று அவள் நினைத்ததுண்டு. பல்வலி தாங்காமல் ஒரு மாலைக் காட்சியின் நடுவில் கதவைத் திறந்து நடந்தாள். நிழல் விழுந்தது, யாரும் திட்டவில்லை, கைதட்டினார்கள். அடுத்த முறை எழுந்து நின்று தட்டினார்கள். மூன்றாம் முறை அவள் தாழ்ப்பாளைத் தொட்ட சத்தத்துக்கே முன்வரிசையில் போன்கள் படம்பிடிக்க உயர்ந்தன. வெறும் மாத்திரை வாங்கப் போகிற ஒரு கிழவி அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் கொழுந்தன் வந்து கதவோரம் நின்றார். ஏதோ கேட்க வந்தவர் முதலில் பல்லைப் பற்றி விசாரித்தார்.

"அண்ணி, சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போவீங்களா?"

"ஏன்?"

"இல்ல, ஆறரை வாக்குல போனீங்கன்னா நல்லா இருக்கும். வர்றவங்க கேக்கறாங்க. எப்ப வருவாங்கன்னு."

"வேணும்னா ஒரு மணி கட்டி விடேன் கழுத்துல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தங்கமான மனிதர்; அண்ணன் போன பிறகு ஒருவேளைகூட அவளைச் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் இருந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை அண்ணி இடைவேளை வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகு எப்போதும்போல இடைவேளைக்கே போய்வந்தாள். யார் கண்ணிலும் படாமல் வெளியே போக அந்தப் பத்து நிமிஷம்தான் இருந்தது, கழிப்பறைக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக.

இப்போது ஒரு வாரத்துக்கு முந்தி நடந்தது இது. துணிப்பையை மாட்டச் சுவரில் எங்கும் ஓர் ஆணி இல்லை. ஆணி அடிக்கப் பின்னறை முழுக்க இடம் தேடிவிட்டு, ஓவியத்தின் முன்னால் போய் நின்றாள். பித்தளைக் கைப்பிடி நல்ல உயரத்தில் இருந்தது. அது காலை ஒன்பது மணி, தெரு தூங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியின் நடுவில் ஒரு நீள ஆணியை வைத்து அம்மிக்குழவியால் அடித்தாள். மூன்றாவது அடியில் ஆணி கொண்டைவரை உள்ளே போய், தொட்டதும் கழன்று கையோடு வந்துவிட்டது. அந்த ஓட்டையிலிருந்து, மாவு சலிப்பதுபோல, பழுப்பாக என்னவோ கொட்டத் தொடங்கியது. உள்ளங்கையில் ஏந்தினாள். மரத்தூள். இன்னும் ஐஸின் ஈர வாசனை அதில் இருந்தது. கொத்தனார் சொன்னது ஞாபகம் வந்தது: உதிர்ந்த செங்கல்.

தூளைக் கூட்டி முறத்தில் அள்ளி, அரிசி கழுவிய தண்ணீரோடு கலந்து ஊற்றினாள். ஆணியைத் திரும்பச் செருகி, ஓட்டையின் மேல் பையை மாட்டி மறைத்தாள்.

மறுநாளும் ஒன்பது மணிக்கு ஆணியை எடுத்தாள். ஆனால் அன்றைக்கு ஆபரேட்டர் சீக்கிரமே வந்து இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓர் அடி அடித்ததும், அண்ணி, என்ன சத்தம் என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். தேங்காய் உடைக்கிறேன் என்றாள். தினமும் தேங்காய் உடைக்க முடியாது. காட்சி நேரத்தில்தான் முடியும், அதுவும் சத்தமுள்ள படமாக இருக்க வேண்டும். எண்பத்தெட்டில் போடுகிற படங்களோ, ஒருவன் ஜன்னலருகே உட்கார்ந்து அரைமணி நேரம் யோசிக்கிற படங்கள். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. முப்பத்து நாலு வருஷத்தில் முதல்தடவையாக அவளுக்கு இந்தத் தியேட்டரின் ரசனைமேல் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கொழுந்தனிடம் புதுப்படத்தின் நீளம் கேட்டாள். இரண்டு மணி நேரம் ஐந்து நிமிஷம் என்றார் அவர்.

"சத்தமா ஏதாவது வருமா?"

"சத்தமாவா? ஏன் அண்ணி, தலைவலியா?"

"தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அவர் யோசித்தார். மௌனமான படம்தான், பயப்பட வேண்டாம். நடுவில் ஒரு சரக்கு ரயில் மட்டும் போகும், நீளமான ரயில், நாலு நிமிஷம் இருக்கும் என்றார்.

முதல் காட்சி பதினொன்றுக்கு ஆரம்பித்தது. அண்ணி முன்னறையில் விளக்கில்லாமல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தோராவது நிமிஷம் திரையின் தப்பான பக்கத்திலிருந்து ரயில் வந்தது. நாலு நிமிஷம் பத்து விநாடி ஓடியது. அதைக் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

மாலைக் காட்சிக்கு விளக்கு அணைந்ததும் பின்னறைக்குப் போனாள். தரையில் பழைய துணியை விரித்தாள். பையைக் கழற்றிக் கட்டிலின் மேல் வைத்தாள். ஆணியை ஓட்டையில் பொருத்தி, குழவியை மடியில் வைத்துக்கொண்டு நீலக்கதவின் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் யாரோ ஒருவன் ஜன்னலருகே யோசித்துக்கொண்டிருந்தான். இருபத்தேழாவது நிமிஷம்தான் ஆகியிருந்தது. ரயில் வருவதற்கு இன்னும் பதினாலு நிமிஷம் இருந்தது.